சுகர் இருக்கவங்க கண்ணை இனிமே கம்ப்யூட்டர்தான் பாக்குமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனை பத்தின படிப்பு, படிச்சுட்டு ஒரு சுகர் கிளினிக்ல கண் போட்டோ எடுக்குற வேலைல இருக்கேன். எடுத்த போட்டோவ சாஃப்ட்வேரே பாத்து ரிசல்ட் சொல்றது வந்ததுல இருந்து பேஷண்ட்ஸ், அவங்கள கூட்டிட்டு வர்ற பசங்க, இந்த கோர்ஸ் சேரலாமான்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிங்கன்னு எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். உங்க கண்ணுக்கு என்ன ட்ரீட்மெண்ட்டுன்னு உங்கள நேர்ல பாக்குற டாக்டர்தான் சொல்லணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

எனக்கு பார்வை நல்லாதான இருக்கு, பேப்பர் படிக்கிறேன், வண்டி ஓட்டுறேன், அப்புறம் எதுக்கு போட்டோ?

கண்ணுக்கு உள்ள பின்பக்கம் விழித்திரைன்னு ஒரு படலம் இருக்கு, ரெட்டினா ரெட்டினான்னு சொல்றது அதத்தான். சுகர் ரொம்ப நாள் கட்டுப்பாட்டுல இல்லன்னா அதுல ஓடுற மெல்லிசு ரத்தக்குழாய்ங்க வீங்கி சின்ன சின்ன முடிச்சு வரும், அப்புறம் லேசா கசியும், அங்கங்க ரத்தப்புள்ளி, மஞ்சளா கொழுப்பு திட்டுன்னு தெரிய ஆரம்பிக்கும். இது நடக்குற காலம் பூரா வலி இருக்காது, பார்வையும் குறையாம இருக்கலாம். முத்திப்போச்சுன்னா புதுசா பலவீனமான ரத்தக்குழாய்ங்க முளைச்சு, அது உடைஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் கட்டும், அப்பதான் நிறைய பேர் பதறிக்கிட்டு ஓடி வர்றாங்க. லேசரோ கண்ணுல போடுற ஊசியோ நல்லா வேலை செய்யிறது அதுக்கு ரொம்ப முன்னாடி. அதனாலதான் டைப் 2 சுகர்னு தெரிஞ்ச உடனே ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் ஒரு தடவைன்னு பாக்க சொல்றது. டைப் 1-ன்னா ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துக்குள்ள முதல் டெஸ்ட் எடுத்துடணும்.

இதுல மெஷின் ஏன் வந்துச்சுன்னு கேட்டா எண்ணிக்கைதான் காரணம். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுல சென்னைல இருந்து நடத்துன இண்டியாப்ங்கிற சுகர் ஆய்வோட முடிவு 2023-ல வந்துச்சு, அது போட்ட கணக்குப்படி இந்தியாவுல சுகர் இருக்கவங்க 10.1 கோடி பேர், இன்னும் சுகர் வரல ஆனா அந்த எல்லைக்கு பக்கத்துல நிக்கிறவங்க 13.6 கோடி பேர். இத்தன பேரையும் வருஷத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர் முன்னாடி உக்கார வெக்க நம்மகிட்ட டாக்டருங்க இல்ல.

அந்த சாஃப்ட்வேர் எப்படி கத்துக்கிச்சு? யாராச்சும் ரூல்ஸ் எழுதி குடுத்தாங்களா?

இல்ல, ரூல்ஸ் ஏதும் குடுக்கல. இதுல பெருசா பேசப்பட்டது கூகுள் ஆளுங்க 2016 கடைசில வெளியிட்ட ஆய்வு. 1,28,175 ரெட்டினா போட்டோவ எடுத்து, 54 கண் டாக்டர்கள வெச்சு, ஒவ்வொரு போட்டோவையும் 3-ல இருந்து 7 பேர் வரைக்கும் தனித்தனியா பாத்து நோய் எந்த அளவுல இருக்குன்னு மார்க் போட வெச்சாங்க, அந்த மார்க்க பாத்து பாத்துதான் சாஃப்ட்வேர் தானா பிடிச்சுக்கிச்சு. அதுக்கு போன போட்டோல ஒரு பகுதி அமெரிக்காவுல எடுத்தது, இன்னொரு பகுதி நம்ம மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா மூணு இடத்துல இருந்தும் போனது. அதாவது நம்ம ஊர் கவர்மெண்ட் பஸ்ஸ பிடிச்சு வந்து சொட்டு மருந்து விட்டு உக்காந்திருந்த ஆளுங்களோட கண்ணு அதுக்குள்ள இருக்கு. இத நான் பேஷண்ட்ஸ்கிட்ட சொல்லாம விடுறதே இல்ல, ஏன்னா நிறைய பேர் இது எங்கயோ வெளிநாட்டுல செஞ்சு நம்ம தலைல கட்டுனதுன்னு நினைக்கிறாங்க. இன்னொன்னு, டாக்டருங்களே ஒரே போட்டோவுக்கு வேற வேற மார்க் போட்டாங்க, அதனாலதான் ஒவ்வொன்னுக்கும் அத்தன பேர் தேவைப்பட்டாங்க.

டாக்டர விட கரெக்டா சொல்லுமா?

இதுக்கு ஒத்த வார்த்தைல பதில் சொல்றவங்கள நம்பாதீங்க. ரெண்டு விஷயம் தனித்தனியா பாக்கணும், நோய் இருக்கவங்கள்ல எத்தன பேர பிடிக்குது, நோய் இல்லாதவங்கள்ல எத்தன பேர சரியா விட்டுடுது. அமெரிக்காவுல 2018 ஏப்ரல்ல எஃப்டிஏ, அதாவது மருந்து, மருத்துவ கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்குற அரசு அமைப்பு, ஒரு சாஃப்ட்வேருக்கு அனுமதி குடுத்துச்சு, ஐடிஎக்ஸ்-டிஆர்னு பேரு, டாக்டர் பாக்காமலே அதுவா முடிவு சொல்லலாம்னு அனுமதி வாங்குன முதல் ஏஐ அதுதான். 900 பேர வெச்சு நடத்துன ஆய்வுல, லேசான நிலைய தாண்டுன நோய் இருந்தவங்கள்ல 87 சதவீதம் பேர பிடிச்சுது, இல்லாதவங்கள்ல சுமார் 90 சதவீதம் பேர சரியா விட்டுச்சு.

இத மனுஷங்க கணக்கா மாத்தி பாருங்க. ஒரு கேம்ப்புக்கு 1000 பேர் வர்றாங்க, அதுல 200 பேருக்கு நிஜமாவே நோய் இருக்குன்னு வெச்சுக்கங்க. 174 பேர பிடிச்சுடும், 26 பேர விட்டுடும். மிச்சம் 800 பேர்ல ஒரு 80 பேருக்கு ஒன்னும் இல்லாமயே ஆஸ்பத்திரி போங்கன்னு சொல்லிடும். ஆக மொத்தம் 254 பேருக்கு ரெஃபர் சீட்டு, 746 பேருக்கு நார்மல்னு சீட்டு, அந்த 746-ல 26 பேருக்கு உள்ள நோய் இருக்கு. இந்த 26-ம் பயமா இருக்கும்தான், ஆனா கேம்ப்பே நடக்காம இருந்திருந்தா 200 பேரும் தெரியாமதான் வீட்ல இருந்திருப்பாங்க. அடுத்த வருஷம் மறுபடி வாங்கன்னு நாங்க கெஞ்சுறதே அந்த 26 பேருக்காகத்தான், ஒரு வருஷம் விட்டுப்போனது அடுத்த வருஷம் மாட்டிக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

எனக்கு போட்டோ சரியில்ல, டாக்டர பாருங்கன்னு வந்துச்சு, அப்ப எனக்கு நோயா?

அப்படி அர்த்தம் இல்ல. சாஃப்ட்வேரால அந்த போட்டோவ படிக்க முடியலன்னு அர்த்தம்.

அது ஏன் நடக்குதுன்னு புரியணும்னா நாங்க போட்டோ எடுக்குறத கொஞ்சம் கிட்ட இருந்து பாக்கணும். ரொம்ப வருஷமா சுகர் இருக்கவங்களுக்கு கண்ணு பாப்பாவே சின்னதா இருக்கும், வயசும் ஆகியிருந்தா இன்னும் சின்னது. லைட்ட அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சா கொஞ்சம் விரியும். தாடைய தாங்கில வெக்க சொல்லி, நெத்திய பட்டைல அழுத்த சொல்லி, பச்சை லைட்டையே பாருங்கம்மா கண்ண சிமிட்டாதீங்கன்னு சொல்லிக்கிட்டே ஒரு விரலால மேல் இமைய லேசா தூக்கி பிடிச்சு க்ளிக் பண்ணணும். ஃப்ளாஷ் அடிச்சதும் ரெண்டு கண்ணுலயும் பாப்பா சுருங்கிடும், அடுத்த கண்ணுக்கு மறுபடி இருட்டுல காத்திருக்கணும். அந்த அம்மா லேசா தலைய பின்னாடி இழுத்தா போதும், ஓரம் எல்லாம் கருப்பாயிடும். இமை முடி குறுக்க வந்தா கீழ வெள்ளையா ஒரு வளைவு விழும். கண்புரை இருந்தா படம் முழுக்க புகைஞ்சு போயிருக்கும், நீங்க என்ன கேமரா வெச்சாலும் அது மாறாது, அவங்களுக்கு முதல்ல கண்புரைக்குத்தான் டாக்டர் தேவை.

தாய்லாந்துல பதும் தானி, சியாங் மாய் பகுதில 11 கிளினிக்ல கூகுள் சாஃப்ட்வேர நேரடியா வெச்சு பாத்தாங்க, 2020-ல அந்த அறிக்கை வந்துச்சு. ஓடவிட்ட 1838 போட்டோல 21 சதவீதத்த சாஃப்ட்வேர் ஏத்துக்கவே இல்ல. நிறைய இடத்துல இருட்டு ரூமே கிடையாது, மத்த பேஷண்ட்ஸ பாக்குற ரூம்லயே எடுத்திருக்காங்க. ஒரு இடத்துல நெட் ரெண்டு மணி நேரம் போயி 200 பேர பாக்க வேண்டிய நாள்ல 100 பேரத்தான் பாக்க முடிஞ்சிருக்கு. சில படத்த நர்ஸ் பாத்தாலே நல்லாருக்குன்னு தெரியுது, ஆனா மெஷின் முடியாதுன்னுது, அப்ப பேஷண்ட தூர ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் ஆகணும். லேப்ல அவ்ளோ நல்லா வேலை செஞ்ச சாமான் இது. அந்த அறிக்கைய இந்த வேலைல இருக்க ஒவ்வொருத்தரும் படிக்கணும்னு நான் சொல்லுவேன், நர்சுங்க சொன்னத அப்படியே உக்காந்து கேட்டு எழுதியிருக்காங்க.

ரெஃபர்னு வந்துடுச்சு, அடுத்து என்ன?

இங்கதான் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ரிசல்ட் ஒரு நிமிஷத்துல வந்துடுது. அந்த சீட்ட எடுத்துக்கிட்டு அவங்க ரெட்டினா டாக்டர்கிட்ட போறதுக்கு ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வர்ற மகனுக்கும் லீவு, சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் மங்கலாத்தான் தெரியும் தனியா திரும்ப முடியாது, ஊசின்னு சொல்லிட்டா அது ஒரு தடவையோட முடியாது மாசா மாசம் போகணும், செலவும் இருக்கு. அதுக்கு மேல, கண்ணு நல்லா தெரியுறப்ப எதுக்கு போகணும்னு ஒரு நினைப்பு. தாய்லாந்துலயும் இதே கதைதான், தூரமா போக வேண்டி வரும்னு தெரிஞ்சதும் சில நர்சுங்க பேஷண்ட்ஸ்கிட்ட இந்த டெஸ்ட்டே வேணாம்னு சொல்லியிருக்காங்க, அவங்க மேல தப்பே சொல்ல முடியாது.

என் அனுபவத்துல, ரெஃபர் ஆனவங்கள நிஜமா ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோய் சேக்குறது போன் பண்ற ஆள்தான். அக்கா போனீங்களா, எந்த கிழமை போறீங்க, யாரு கூட வர்றா, பஸ் எங்க ஏறணும் தெரியுமான்னு ஒருத்தர் உக்காந்து கேக்கணும், ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேக்கணும். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல புது சாஃப்ட்வேர் வந்த கையோட அந்த போன் வேலைய நிறுத்திட்டாங்க, ரிசல்ட் மெசேஜா போகுதே போதும்னு. மெசேஜ் யார் போனுக்கு போகுது? பாதி பேர் குடுக்குற நம்பர் மகனோடதோ பக்கத்து வீட்டோடதோதான். மெஷின் வாங்க காசு இருக்குன்னா அந்த ஒரு ஆளுக்கு சம்பளம் குடுக்கவும் காசு இருக்கணும், இதுல நான் விட்டுக்குடுக்க தயாரா இல்ல. கேம்ப்புக்கு போறவங்களும் போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, ஏதாச்சும் இருந்தா எங்க போகணும், அங்க எவ்ளோ ஆகும், காப்பீட்டு அட்டை செல்லுமான்னு.

நார்மல்னு வந்துச்சு. அப்ப கண்ணு முழுக்க ஓகேவா?

சுகர்னால வர்ற ரெட்டினா பாதிப்பு இப்ப ரெஃபர் பண்ற அளவுக்கு தெரியல, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். கண்ணாடி பவர், கண்புரை, க்ளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய் எல்லாம் அந்த டெஸ்ட்ல வராது, தனியா அதுக்குன்னு செஞ்ச சாஃப்ட்வேர் இருந்தா ஒழிய. நார்மல் ரிசல்ட் கைல இருக்கும்போதே திடீர்னு கருப்பு புள்ளிங்க மிதக்குது, திரை இறங்குன மாதிரி ஒரு பக்கம் மறைக்குது, நேர்கோடு வளைஞ்சு தெரியுதுன்னா அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு போங்க, ரிப்போர்ட்ட காட்டி மனச தேத்திக்காதீங்க.

என் ரெட்டினா போட்டோவ சாட்பாட்ல போட்டு கேட்டா சொல்லுதே?

சொல்லும், அழகா பாராவா சொல்லும். ஆனா நான் மேல சொன்ன சாஃப்ட்வேர்லாம் இந்த ஒரே வேலைக்குன்னு செஞ்சு, பேஷண்ட்ஸ் மேல சோதிச்சு, எவ்ளோ தப்பு விடும்னு நம்பர் போட்டு காட்டுனது. பொதுவான சாட்பாட்ட அப்படி இந்த வேலைக்குன்னு சோதிச்சு யாரும் உங்களுக்கு கேரண்டி குடுக்கல. டாக்டர் எழுதுன ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை புரியலன்னா அர்த்தம் கேட்டுக்கங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட என்ன கேக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுக்கங்க, அது உபயோகம்தான். நோய் இருக்கா இல்லையான்னு அதுகிட்ட முடிவு பண்ணாதீங்க.

என் போட்டோவ வெச்சு கம்பெனி சம்பாதிக்குமா?

சாஃப்ட்வேருக்கு கத்துக்குடுக்க உங்க போட்டோவ பயன்படுத்துறாங்கன்னா உங்ககிட்ட சம்மதம் கேக்கணும். 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் சம்மதத்த மையமா வெச்சுதான் எழுதியிருக்கு, அதே வருஷம் ஐசிஎம்ஆரும் மருத்துவ ஏஐக்குன்னு தனியா நெறிமுறை வெளியிட்டாங்க. ஆனா நடைமுறைல இங்க்லீஷ்ல ஒரு ஃபாரத்த நீட்டி கையெழுத்து போடுங்கன்னுதான் நிறைய இடத்துல நடக்குது. படிச்சு காட்ட சொல்லுங்க. தமிழ்ல சொல்ல சொல்லுங்க. அது உங்க உரிமை, தயங்கவே வேணாம்.

கண்ண பாத்தே ஹார்ட் பத்தி சொல்லிடுமாமே, நிஜமா?

பாதி நிஜம், அந்த பாதியே ஆச்சரியம்தான். 2018-ல கூகுள் ஆராய்ச்சியாளருங்க ரெட்டினா போட்டோவ மட்டும் குடுத்து சாஃப்ட்வேர்கிட்ட வயசு, ஆணா பெண்ணா, சிகரெட் பழக்கம், பிபி எல்லாத்தையும் கணிக்க வெச்சாங்க. வயசு சராசரியா மூணேகால் வருஷ வித்தியாசத்துல சொல்லிடுச்சு. ஆணா பெண்ணான்னு கிட்டத்தட்ட பிசகாம சொல்லிடுச்சு. எத்தனையோ வருஷமா ரெட்டினா பாக்குற டாக்டருங்களால கூட போட்டோவ பாத்து ஆணா பெண்ணா சொல்ல முடியாது, அப்படி ஒரு வித்தியாசம் அதுல இருக்குன்னு யாரும் நினைச்சதே இல்ல. நாங்க தினமும் பாத்துட்டு மூடி வெக்கிற படத்துல நமக்கு தெரியாத தகவல் கிடந்திருக்கு! சயின்ஸ்க்கு இது பெரிய விஷயம், ஏன்னா இப்ப ஏன் அப்படி இருக்குன்னு மனுஷன் போய் தேடணும். ஆனா ஹார்ட் அட்டாக் வருமான்னு உங்களுக்கு தெரியணும்னா இன்னைக்கும் பிபி, கொலஸ்ட்ரால், ஈசிஜின்னு போறதுதான் வழி.

சயின்ஸ்ல வேற எங்க இப்படி நடந்திருக்கு?

புரதத்தோட வடிவம் கண்டுபிடிக்கிறதுல. ஒரு புரதம் எப்படி மடிஞ்சிருக்குன்னு லேப்ல பாக்க மாசக்கணக்கு, சிலதுக்கு வருஷக்கணக்கு ஆகும். ஆல்ஃபாஃபோல்ட்னு கூகுளோட டீப்மைண்ட் கம்பெனி செஞ்ச சாஃப்ட்வேர் 2022-க்குள்ள சுமார் 20 கோடி புரதத்துக்கு கணிப்பு போட்டு யார் வேணா எடுத்துக்கங்கன்னு வெச்சுட்டாங்க, 2024 வேதியியல் நோபல்ல பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ரெண்டு பேருக்கும் இதுக்காக போச்சு, இன்னொரு பாதி டேவிட் பேக்கருக்கு. இதுல நம்ம பெருமைப்பட ஒன்னு இருக்கு. மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் 1963-ல ஒரு வரைபடம் போட்டாங்க, புரதச் சங்கிலி எந்தெந்த கோணத்துல திரும்ப முடியும் எதுல முடியாதுன்னு. இன்னைக்கு கம்ப்யூட்டர் கணிச்ச வடிவம் நியாயமா இருக்கான்னு பாக்கவும் அதே ராமச்சந்திரன் வரைபடத்ததான் உலகம் முழுக்க போட்டு பாக்குறாங்க.

ஆப்டோமெட்ரி, ரேடியாலஜி எல்லாம் இனிமே படிக்கலாமா? வேலை இருக்குமா?

ஏஐ துறையோட முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் 2016-ல, ஸ்கேன், எக்ஸ்ரே படிச்சு சொல்ற ரேடியாலஜிஸ்ட்டுங்களுக்கு ட்ரெயினிங் குடுக்குறதையே இப்பவே நிறுத்திடணும், அஞ்சு வருஷத்துல மெஷின் அவங்கள தாண்டிடும்னு சொன்னாரு. 2024-ல இயற்பியல் நோபல் வாங்குனவரு, சாதாரண ஆள் இல்ல. ஆனா அஞ்சு வருஷம் தாண்டியும் ரேடியாலஜிஸ்ட் போதலன்னுதான் பல நாட்டுல பேச்சு. ஸ்வீடன்ல 80,000 பெண்கள வெச்சு மார்பக ஸ்கேன்ல ஏஐ சேத்து பாத்தாங்க, 2023-ல வந்த முடிவுப்படி டாக்டருங்க படம் படிக்கிற வேலை 44 சதவீதம் குறைஞ்சுது, கேன்சர் கண்டுபிடிக்கிறது குறையல. வேலை குறைஞ்சுது, ஆனா டாக்டர் தேவைப்பட்டாரு.

நான் கவலைப்படுறது வேற. போலந்துல நாலு சென்டர்ல குடல் கேமரா டெஸ்ட்ல ஏஐ வெச்சு பழகுன டாக்டருங்க, ஏஐ இல்லாம பாக்குறப்ப எத்தன பேருக்கு கட்டி கண்டுபிடிக்கிறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. ஏஐ வர்றதுக்கு முன்னாடி 28.4 சதவீதம், வந்து பழகுனதுக்கு அப்புறம் 22.4 சதவீதம். 2025-ல வந்த ஆய்வு. வேற காரணமும் இருக்கலாம், ஒரே ஆய்வ வெச்சு முடிவு கட்டக்கூடாது, ஆனா எங்க ஜூனியர் பொண்ணுங்ககிட்ட நான் இப்ப இத ஒரு பழக்கமாவே ஆக்கிட்டேன், ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி நீயே படத்த பாத்து உன் முடிவ நோட்ல எழுது, அப்புறம் ஸ்க்ரீன பாரு.

படிக்கிறதுக்கு என் பதில், படிங்க. 1976-ல டாக்டர் வெங்கடசாமி மதுரைல 11 படுக்கையோட அரவிந்த் ஆரம்பிச்சாரு, பின்னாடி அங்க ப்ளஸ் டூ முடிச்ச கிராமத்து பொண்ணுங்களுக்கு ரெண்டு வருஷம் ட்ரெயினிங் குடுத்து, பவர் பாக்குறது, ப்ரஷர் பாக்குறது, ஆபரேஷனுக்கு ரெடி பண்றதுன்னு எல்லாத்தையும் அவங்க கைல குடுத்தாங்க. டாக்டரோட வேலைய பிரிச்சு குடுத்ததுல ஆயிரக்கணக்கான பொண்ணுங்களுக்கு வேலை வந்துச்சு. மெஷின் வர்றப்பவும் அப்படி வருமா இல்ல இருக்க வேலையும் போகுமாங்கிறத மெஷின் தீர்மானிக்காது, கிளினிக் நடத்துறவங்கதான் தீர்மானிப்பாங்க, அதனால சம்பளம், ட்ரெயினிங் பத்தி இப்பவே வாய் திறந்து கேளுங்க.

ஆஸ்பத்திரி தாண்டி மத்த வேலைல எப்படி?

எனக்கு பழக்கமில்லாத துறை பத்தி ஒரே ஒரு ஆய்வ மட்டும் சொல்றேன். கஸ்டமர் சப்போர்ட் வேலைல 5,179 பேர வெச்சு 2023-ல வந்தது, ஏஐ உதவியோட ஒரு மணி நேரத்துல தீர்த்து வெக்கிற பிரச்சனை சராசரியா 14 சதவீதம் கூடுச்சு, புதுசா சேந்தவங்களுக்கு 34 சதவீதம், சீனியருங்களுக்கு பெருசா மாத்தமே இல்ல. சீனியருங்க பேசுற விதத்தத்தான் அது கத்துக்கிட்டு புதுசுக்கு சொல்லிக்குடுக்குது. அப்ப சீனியருக்கு என்ன கிடைக்குதுன்னு யாராச்சும் கேக்கணும்ல?

மாசமா இருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடியே சுகர் உண்டு. மெஷின் டெஸ்ட் போதுமா?

போதாது, நேரா கண் டாக்டரயே பாருங்க, முதல் மூணு மாசத்துக்குள்ள. கர்ப்பத்துல ரெட்டினா பாதிப்பு வேகமா கூடலாம், அதனால அப்புறமும் டாக்டர் சொல்ற இடைவெளில பாக்கணும். மாசமானதுக்கு அப்புறம் மட்டும் வந்த சுகர்னா பொதுவா இந்த கண் டெஸ்ட் தேவைப்படாது, ஆனா பிரசவத்துக்கு அப்புறம் சுகர் டெஸ்ட்ட விட்டுடாதீங்க. கண் டாக்டர்கிட்ட போறப்ப மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட் (ஹெச்பிஏ1சி), பிபி அளவு, சாப்பிடுற மாத்திரை சீட்டு மூணையும் கையோட எடுத்துட்டு போங்க, பைக்ல தனியா போகாதீங்க.